அளவு நாடாவும் சில சந்தேகங்களும்: பெண்ணியம், உடம்பு, அழகு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். அளவு நாடாவைக் கையில் எடுத்ததும் பெண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். மூச்சை விடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அங்கேதான் பேச்சு தொடங்கும். என் மகள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அவள் புத்தகங்களை நானும் புரட்டினேன். எங்கள் சமூக மன்றத்து வாசகர் வட்டத்திலும் இதைப் பற்றி இரண்டு முறை பேசியிருக்கிறேன். கடையானாலும் மன்றமானாலும் சந்தேகங்கள் என்னவோ ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை, தையற்காரி. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பெண்ணியத்துக்கும் என் இடுப்பு அளவுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?

ஜிப்பா தைக்க ஆண்களும் எப்போதாவது வருவார்கள். தொப்பை நாடாவைத் தாண்டினாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் அப்படி இல்லை. "சாரி அக்கா, கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன்" என்பார்கள். என்னிடம் எதற்கு மன்னிப்பு? கால் மீட்டர் துணி கூடப் போகும், அவ்வளவுதானே.

அந்த மன்னிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் பெண்ணியத்தில் ஒரு பகுதி. ஓட்டு, சொத்து, சம்பளம் என்று தொடங்கிய கேள்விகள் உடம்பு வரைக்கும் வந்திருக்கின்றன. ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவை யார் குறித்தார்கள், அந்த அளவுக்குள் அடங்க அவள் எவ்வளவு காசும் நேரமும் நிம்மதியும் செலவழிக்கிறாள், அந்தக் காசு யார் பைக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். சம்பந்தம் தெரிந்துவிடும்.

பிராவை நடுரோட்டுல எரிச்சவங்கதானே பெண்ணியவாதிங்க?

எரிக்கவில்லை. 1968 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டிக்கு எதிராகப் பெண்கள் கூடினார்கள். ஒரு குப்பைத் தொட்டியை வைத்து, அதில் பிரா, இடுப்பை இறுக்கும் உள்ளாடை, குதிகால் செருப்பு, ஒட்டு இமை, பெண்கள் பத்திரிகைகள் எல்லாவற்றையும் போட்டார்கள். தீ வைக்கவில்லை. பத்திரிகைகள் எழுதியதில் கதை தீப்பிடித்துக்கொண்டது. அந்தத் தொட்டிக்குள் போனவற்றைப் பார்த்தால் அவர்கள் சொல்ல வந்தது புரியும். இறுக்குவது, உயர்த்துவது, ஒட்டுவது, எல்லாமே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள்கள்.

சிங்கப்பூரும் 1987-இல் மிஸ் யூனிவர்ஸ் போட்டியை நடத்திய ஊர்தான். அப்போது நான் பள்ளிக்கூடப் பெண். மேடையில் யார் நன்றாக நடந்தார் என்று நாங்களும்தான் மதிப்பெண் போட்டோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரிங்க சமாச்சாரம். நமக்கு எதுக்கு?

பெரியார் 1929-இன் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். பெண்ணை அலங்காரப் பொருளாக வைத்திருப்பதை அந்தக் காலத்திலேயே அவர் கண்டித்துப் பேசியும் எழுதியும் வந்தார். நகையும் நீண்ட கூந்தலும் அவளுக்குப் பெருமையா, சுமையா என்று கேட்டார். இங்கே 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு பத்திரிகையும் தோன்றியதில் அந்தச் சிந்தனைக்குப் பங்கு உண்டு. ஆகவே இதை இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால், எந்தக் கப்பலில் வந்தது என்று கேளுங்கள்.

சிங்கப்பூரின் கதை இன்னும் நேரடியானது. 1961-இல் மண வாழ்க்கையில் பெண்களின் உரிமைகளைக் காக்கும் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தது. 1983-இல் பிரதமர் லீ குவான் இயூ தேசிய தினப் பேரணி உரையில், படித்த பெண்கள் போதுமான அளவு பிள்ளை பெறவில்லை என்று கவலைப்பட்டார். அடுத்த ஆண்டு பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. அதிகம் படிக்காத, வருமானம் குறைந்த இளம் தாய்மார் இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றும் அறிவித்தார்கள். பெண்கள் கொதித்தார்கள். பட்டதாரித் தாய் முன்னுரிமை 1985-இல் கைவிடப்பட்டது. அந்தச் சர்ச்சையின் சூட்டில்தான் அதே ஆண்டு அவேர் என்ற பெண்கள் அமைப்பு உருவானது. பெண்ணின் உடம்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்ற கேள்வி இந்த ஊரிலேயே முளைத்தது.

அழகா இருக்கணும்னு ஆசைப்பட்டா தப்பா? புருவம் திருத்திக்கவே கூடாதா?

திருத்திக்கொள்ளுங்கள். நான் மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசுகிறேன். தேக்கா சந்தையில் மல்லிகைச் சரத்தைக் கண்டால் வாங்காமல் வரமாட்டேன்.

நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான். தீபாவளிக்கு முந்திய நாள் அக்கா தங்கைகள் நாலு பேர் உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொள்வதில் சந்தோஷம் இருக்கிறது. குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ரொட்டி வாங்கப் போகவும் முகத்துக்கு எதையாவது பூசாமல் கதவைத் திறக்க முடியவில்லை என்றால் அங்கே பயம் இருக்கிறது. இரண்டும் ஒரே கண்ணாடிக்கு முன்னால் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் ஆகாது என்று தோன்றினால் அது உங்கள் ஆசை. நெஞ்சு படபடத்தால், அது வேறு யாரோ வைத்த பரீட்சை.

ஒல்லியா, வெள்ளையா இருக்கிறதுதானே எந்தக் காலத்துலயும் அழகு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பதில் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. குறுந்தொகையின் 27-ஆம் பாட்டை வெள்ளிவீதியார் என்ற பெண் புலவர் பாடியிருக்கிறார். நல்ல பசுவின் பாலைக் கன்றும் குடிக்கவில்லை, கலத்திலும் கறக்கவில்லை, மண்ணில் சிந்தி வீணாகிறது. அதுபோல எனக்கும் ஆகாமல், என் தலைவனுக்கும் உதவாமல் என் "மாமைக் கவினை" பசலை தின்கிறதே என்கிறாள் அந்தப் பெண்.

மாமை என்பது மாந்தளிரின் நிறம். பசலை என்பது பிரிவுத் துயரால் மேனி வெளிறிப்போவது. கவனியுங்கள், இங்கே கருமை கலந்த நிறம்தான் அழகு, வெளிறுவது நோய். அதே நூலின் 9-ஆம் பாட்டில் தலைவியை "மாஅயோள்" என்றே பாராட்டாகச் சொல்கிறார்கள், கரிய நிறத்தாள் என்று. நிறம் மங்கி வெளிறிவிட்டதே என்று அன்றைக்கு ஒருத்தி அழுதாள். இன்றைக்கு வெளிறவில்லையே என்று என் கடையில் ஒருத்தி அழுகிறாள்.

அதற்காகச் சங்க காலம் பெண்களுக்குச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நுண்ணிடை அங்கேயும் உண்டு. கொடி போன்ற இடையை அன்றைக்கும் விடாமல் பாடினார்கள். அழகின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுகிறது, பட்டியல் போடும் பழக்கம்தான் மாறவில்லை.

அப்ப வெள்ளைக்காரன் வந்துதான் கெடுத்தானா?

பழியை அவன் ஒருவன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. வெயிலில் நாற்று நட்டவள் கறுத்தாள், நிழலில் இருந்தவள் வெளுத்தாள். சாதியும் வசதியும் தோலில் எழுதப்பட்டிருந்தன. ஆள வந்தவன் வெள்ளையாக இருந்தது அதற்கு முத்திரை குத்தியது. அப்புறம் சினிமா, அப்புறம் கிரீம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கறுப்பாக இருந்தால் வேலையும் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிடைக்காது, பூசினால் இரண்டும் கிடைக்கும் என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்தார்கள். 2020-இல் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள்.

எதிர்ப்பும் நம் பக்கத்திலிருந்தே வந்தது. சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', அதாவது கறுப்பு அழகு என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்கு முகம் கொடுத்தார். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்ற பழமொழி நம்மிடம் எப்போதும் இருந்ததுதான். ஆனால் அதைப் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் சொன்னோம், கவனித்திருக்கிறீர்களா? மாமை என்ற அந்த அழகுச் சொல்லின் உறவுக்காரச் சொல்தான் மாநிறம். இன்று பெண் பார்க்கும் இடத்தில் அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்.

நாங்கள்லாம் டிவி பாத்துத்தான் வளந்தோம், என்ன கெட்டுப்போயிட்டோம்?

ஃபிஜியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பெண்கள் நன்றாக உடம்பு வைத்திருப்பதுதான் மதிப்பு. மெலிந்தால், வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று ஊர் கேட்கும். அந்த நாட்டின் நட்ரோகா வட்டாரத்துக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்போதும் 1998-இலும் ஃபிஜி இனப் பள்ளி மாணவிகளிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார். உணவுப் பழக்கம் கெடும் அபாயம் காட்டிய மாணவிகள் முன்பு 12.7 விழுக்காடு, பின்பு 29.2. எடை குறைக்கத் தாங்களே வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முன்பு ஒருவரும் இல்லை, மூன்று ஆண்டில் 11.3 விழுக்காடு.

டிவி பார்த்த எல்லாரும் அப்படி ஆனார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த மூன்று ஆண்டில் ஊரில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கும். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அந்தப் பெண்கள் நாடகத்தில் கண்ட பெண்களைப் போல ஒல்லியானால் நல்ல வேலை கிடைக்கும் என்று நம்பினார்கள். திரை காட்டியது உடம்பை மட்டுமல்ல, அந்த உடம்போடு வரும் வாழ்க்கையை. கிரீம் விளம்பரத்தின் அதே தந்திரம்.

போன்ல ஃபில்டர் போடுறது சும்மா விளையாட்டுத்தானே ஆண்ட்டி?

பத்துப் பேர் சேர்ந்து பூனைக் காது வைத்துக்கொண்டால் விளையாட்டு. மூக்கைச் சிறுக்கி, தாடையைக் கூராக்கி, தோலை வழவழப்பாக்கிக் காட்டும் ஃபில்டர் உங்களைக் கேட்காமலே ஒரு தீர்ப்பும் சொல்கிறது. ஒரு மணப்பெண் தன் ஃபில்டர் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி தோள் வர்ற மாதிரி தைங்க" என்றாள். அந்தத் தோளில் எலும்பு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

இன்ஸ்டகிராமின் சொந்த ஆய்வுத் தாள்கள் 2021-இல் வெளியே கசிந்தன. தங்கள் உடம்பை நினைத்து மனம் நொந்திருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டகிராம் அந்த நினைப்பை மோசமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுவனம் இதை வேறுவிதமாக விளக்கியது. சில நாடுகள் சட்டம் போட்டன. பிரான்சில் 2017 முதல், மாடலின் உடம்பைக் கணினியில் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். நார்வேயில் 2022 முதல் காசு வாங்கிக்கொண்டு இணையத்தில் படம் போடுபவர்களும் குறிப்பிட வேண்டும்.

குண்டுன்னு சொன்னாத்தானே பிள்ளைங்க இளைப்பாங்க?

இந்தச் சோதனையைச் சிங்கப்பூர் ஒரு தலைமுறைக்கே நடத்திப் பார்த்திருக்கிறது. 1992-இல் கல்வி அமைச்சு 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தைத் தொடங்கியது. எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் பள்ளி முடிந்த பிறகும் கூடுதல் உடற்பயிற்சி. அதன் ஆங்கிலச் சுருக்கத்தின் மூன்று எழுத்தையும் திருப்பிப் போட்டால் 'ஃபேட்', குண்டு என்று வரும். திட்டம் போட்ட பெரியவர்கள் கவனித்தார்களோ என்னவோ, பிள்ளைகள் முதல் நாளே கவனித்துவிட்டார்கள்.

எடை கூடிய மாணவர் விகிதம் அந்த ஆண்டுகளில் குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கேலியும் அவமானமும் ஒட்டிக்கொண்டன. 2007-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தி, எல்லா மாணவர்களின் உடல், மன நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள்.

என் மகள் தொடக்கநிலை 4-இல் அந்த வரிசையில் நின்றவள். கூட்டாளிகள் மைலோ குடித்துக்கொண்டு பார்க்க, திடலைச் சுற்றி ஓடுவாள். அந்த ஆண்டு அவள் இரண்டு கிலோ குறைந்தது உண்மை. இன்று வரை பிறர் பார்க்க ஓடமாட்டாள் என்பதும் உண்மை. விடியற்காலை ஐந்தரைக்கு ஆள் இல்லாத நேரத்தில்தான் ஓடப் போகிறாள்.

டாக்டரே பிஎம்ஐ கூடன்னு சொல்றாரு. அவரும் ஊடகமா?

இல்லை. இதில் சில பெண்ணியத் தோழிகளோடு எனக்குச் சண்டையே உண்டு. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் இந்தக் கணக்கை 1830-களில் கண்டுபிடித்தவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித, வானியல் அறிஞர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியவர், நோயாளியைப் பார்த்தவர் அல்லர். அன்சல் கீஸ் என்பவர் 1972-இல் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்துப் பரப்பினார். ஒரு கூட்டத்தைப் படிக்க அது உதவும். ஒரு தனி ஆளிடம் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது.

ஆனால் நம் உடம்புக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2002-இல் இதே சிங்கப்பூரில் கூடி, ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இதய நோய் அபாயம் தொடங்குகிறது என்று விவாதித்தார்கள். அதனால்தான் இங்கே 23-க்கு மேல் கவனம், 27.5-க்கு மேல் அதிக அபாயம் என்று வைத்திருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒல்லியான நம் ஆட்களுக்கும் சர்க்கரை வருகிறது. ஆகவே ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் உங்கள் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். ரவிக்கை அளவைப் பற்றிப் பேசினால் அது அவர் வேலை இல்லை.

ஆன்லைன்ல ஒரு காபி விக்கிறாங்க, ரெண்டு வாரத்துல இளைக்குதாம். குடிக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு நிதானமான பதில் கிடையாது. 2002-இல் ஸ்லிம் 10 என்ற மாத்திரை இங்கே சக்கைப்போடு போட்டது. உள்ளூர் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் அதைச் சாப்பிட்டு, கல்லீரல் செயலிழந்து, அவரை மணக்கவிருந்த நடிகர் பியர் பிங் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால் பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் பிழைக்கவில்லை. பெட்டியில் மூலிகை என்று போட்டிருந்தார்கள். உள்ளே சொல்லப்படாத ரசாயன மருந்து இருந்தது.

இப்போது அது காபியாகவும் மிட்டாயாகவும் சாறாகவும் வருகிறது. சுகாதார அறிவியல் ஆணையம் அடிக்கடி கண்டுபிடிக்கும் மருந்து சிபுட்ரமின். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இலேயே சிங்கப்பூரில் விலக்கப்பட்ட மருந்து அது. பசியே எடுக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் காபி நன்றாக வேலை செய்கிறது என்று மகிழாதீர்கள். நிறுத்திவிட்டு, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் பெயர் தெரியாத கிரீமுக்கும் இதுதான் பதில். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இங்கதான் தமிழுக்கு வசந்தம் டிவி இருக்கே, நம்ம முகம் வருதே. அது போதாதா?

வருகிறது, நல்லதுதான். ஆனால் நம் பெண்பிள்ளைகள் இரண்டு அளவுகோலுக்கு நடுவில் நிற்கிறார்கள். பள்ளியிலும் பேருந்து நிறுத்த விளம்பரத்திலும் சீன முகங்களின் வெளிர் நிறம், நேரான முடி, சிறிய உடல்வாகு. வீட்டுக்கு வந்தால் தமிழ்ச் சினிமாவில் வடக்கிலிருந்து வந்த வெளிர் நிறக் கதாநாயகி. கை முடி, மீசை முடி என்று கேலி கேட்டு, பதினொரு வயதில் வேக்சிங் செய்ய அம்மாவிடம் அழும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

2019-இல் மின்னிலக்கக் கட்டண விளம்பரம் ஒன்றில் ஒரு சீன நடிகரே முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராகவும், முக்காடு போட்ட மலாய்ப் பெண்ணாகவும் வந்தார். பெரிய சர்ச்சை, பிறகு மன்னிப்பு. நம் நிறம் வேண்டுமாம், ஆனால் அந்த நிறத்தில் பிறந்த ஆள் வேண்டாமாம்.

'எல்லா உடம்பும் அழகு'ன்னு இப்ப விளம்பரமே வருதே, மாறிடுச்சுல்ல?

கொஞ்சம் மாறியிருக்கிறது. டவ் சோப் 2004-இல் சாதாரணப் பெண்களை வைத்து விளம்பரம் செய்தபோது எனக்கே கண் கலங்கியது. அப்புறம் மகள் சொன்னாள், டவ், ஃபேர் அண்ட் லவ்லி இரண்டும் யூனிலீவர் குழுமத்துடையவை என்று. ஒரு கை தடவிக்கொடுக்கிறது, இன்னொரு கை கிள்ளுகிறது. இரண்டு கைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. எல்லாரும் அழகு என்பதில்கூட அழகாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஒளிந்திருக்கிறது. சில நாள் நான் அழகாக இல்லை. அதனால் என்ன, அன்றைக்கும் எட்டு ரவிக்கை தைத்திருக்கிறேன்.

என்னை டிவி ஒண்ணும் சொல்லல. எங்க அம்மாதான் 'எத்தனை இட்லி'ன்னு எண்றாங்க. அவங்களும் பொம்பளைதானே?

பெண் பெண்ணைச் சொல்வது என்ற இந்த இடம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். உங்கள் அம்மா வில்லி இல்லை. அவரும் ஒரு காலத்தில் எண்ணப்பட்டவர்தான். நிறம், எடை, உயரம் பார்த்துச் சம்பந்தம் முடிவான சந்தையில் நின்றவர். மகள் அந்தச் சந்தையில் தோற்றுவிடுவாளோ என்ற பயம் அவர் வாயில் இட்லிக் கணக்காக வருகிறது. மேலே 'குண்டுன்னு சொன்னாத்தானே' என்ற கேள்வியில் என் மகளைப் பற்றி எழுதினேன் அல்லவா? அவளைப் பள்ளிதான் வரிசையில் நிறுத்தியது, ஆனால் வீட்டில் நெய்த் தூக்கை ஒளித்து வைத்தவள் நான்தான்.

என்ன செய்யலாம்? சில பெண்கள் அம்மாவிடம், "உங்க கல்யாணத்தப்போ உங்களை என்ன சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் அப்படிக் கேட்ட அன்று அவருடைய அம்மா ஒரு மணி நேரம் பேசினாராம், இட்லி ஆறிப்போயிற்றாம். எல்லா வீட்டிலும் இது பலிக்காது. பலிக்காத வீட்டில், "என் தட்டைப் பற்றிப் பேச வேண்டாம்மா" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, பத்து கிலோ குறைச்சிடுவேன். சின்ன அளவுலயே தைச்சிடுங்க அக்கா?

மாட்டேன். இன்றைக்கு இருக்கும் உடம்புக்குத்தான் தைப்பேன், உள்ளே துணி விட்டுத் தைப்பேன். இளைத்தால் பிடித்துக்கொடுக்கிறேன், பெருத்தால் பிரித்துவிடுகிறேன், இரண்டுக்கும் காசு வாங்குவதில்லை. முன்பு ஒருத்திக்கு அவள் கேட்ட அளவிலேயே தைத்தேன். முகூர்த்தத்துக்கு முந்திய இரவு பதினொரு மணிக்கு அவள் தங்கை ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மணப்பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னாள்.

இன்டர்வியூல 'லுக்' பத்தலன்னு ஒதுக்கினா சட்டத்துல இடம் இருக்கா?

வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. பாலினம், இனம், வயது, சமயம், மொழி, கர்ப்பம், உடற்குறை, மனநலம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. நிறைவேறியதும் உடனே நடப்புக்கு வரவில்லை, அதனால் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எடையோ தோற்றமோ அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் நிறத்தைச் சொல்லி ஒதுக்கினால் அது இனம் சார்ந்ததாகலாம். பெண்களிடம் மட்டும் தோற்றத்தைக் கேட்டால் அது பாலினம் சார்ந்ததாகலாம். நடந்ததை நாள், நேரம், சொன்ன சொல்லோடு எழுதி வைத்துக்கொண்டு ஆலோசனை கேளுங்கள். அவேர் அமைப்பு இதற்கும் உதவுகிறது.

ஆம்பளைங்களையும்தானே வழுக்கை, தொப்பைன்னு கிண்டல் பண்றாங்க?

ஆமாம், வலிக்கும். இப்போது பையன்களும் தசை ஏற்றும் பொடியைத் தேடி அலைகிறார்கள். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் தொப்பை வைத்த மாமாவுக்குப் பெண் கிடைக்காமல் போனதாக என் கடையில் யாரும் அழுததில்லை.

மகள் சரியா சாப்பிட மாட்டேங்குறா. இது வயசுக் கோளாறா, நோயா?

நீங்களே முடிவு கட்டாதீர்கள். சாப்பாட்டை ஒளித்து வைப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, மாதவிடாய் நின்றுபோவது, எப்போதும் குளிர்வது, முடி கொட்டுவது, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஏதாவது சாக்குச் சொல்வது, இவற்றில் சில சேர்ந்து வந்தால் தாமதிக்காதீர்கள். ஆள் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரண எடையிலும், பையன்களுக்கும் இந்த நோய் வரும். உயிரையே எடுக்கக்கூடியது.

பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில் சொன்னால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உண்ணுதல் கோளாறுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பேச யாரும் இல்லை என்றால் தேசிய மனநல உதவி எண் 1771, நாள் முழுக்க இயங்குகிறது. மகள் மயங்கி விழுந்தால் ஆம்புலன்சுக்கு 995. அவளிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். "நீ ரொம்பக் களைப்பா தெரியிற, எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னால் போதும்.

நீங்களே அழகுக்குத் துணி தைச்சு விக்கிறவங்க. இதைப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

இந்தக் கேள்வியை என்னிடம் நேரில் கேட்டவர் ஒரே ஒருவர்தான், அதுவும் என் மகள். ஆனால் மற்றவர்கள் மனதிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆமாம், என் சோறு இதில்தான். மார்பை எடுப்பாகக் காட்டும் வெட்டு, கையின் சதையை மறைக்கும் முக்கால் கை, இடுப்பைச் சிறுத்துக்காட்டும் டக், எல்லாம் தெரியும், கேட்டால் செய்து தருகிறேன்.

கடையில் உடுத்திப் பார்க்கும் மறைவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, தலையைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஆள் உயரமாகவும் மெலிவாகவும் தெரிவார். தொழில் கற்றுத் தந்த அம்மா அப்படித்தான் வைக்கச் சொன்னார். வாசகர் வட்டத்தில் பேசிவிட்டு வந்த மறுநாள், மனசாட்சி உறுத்தி அதை நேராக நிமிர்த்தினேன். அந்த வாரத்தில் மூன்று பேர், "என்னக்கா, இந்தத் தடவ தையல் சரியா வரல" என்று ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அளவில் நூலிழை தவறவில்லை.

திரும்பவும் சாய்த்து வைத்துவிட்டேன். இப்போது உள்ளே போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "தெரியும்க்கா, அப்படியே இருக்கட்டும்" என்கிறார்கள்.